பழனிப் பாதையில் ஆறு இரவுகள்

மதுரையிலிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள் அல்லவா? திண்டுக்கல்லைத் தாண்டியதும் வருகிற ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களோ? ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி! சுமார் அறுபது கிலோமீட்டருக்குள் நான்கு சத்திரங்கள்! பஸ்ஸில் போகிறவர்களுக்கு இவை வெறும் ஸ்டாப்பிங்குகள். இறங்குகிறவர் இறங்குவார், ஏறுகிறவர் ஏறுவார், விசில் ஊதிவிடும். நடந்து போகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர்களின் அருமை தெரியும். பகலெல்லாம் நடந்து கால் கடுத்தவர்களுக்கு இருட்டுகிற நேரத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே என்று எந்தக் காலத்திலோ யாரோ நினைத்திருக்கிறார்கள். நாம் சத்திரத்தை மறந்துவிட்டோம். பெயரை மட்டும் டிக்கெட்டில் அடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நானும் அறுபது வயது வரைக்கும் பஸ்ஸில் போன கட்சிதான். எங்கள் வீடு ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரம். திண்டுக்கல் பஸ், தேனி பஸ், பழனி பஸ் எல்லாம் எங்கள் தெரு முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அப்படியிருக்க, நூற்றிருபது கிலோமீட்டர் நடப்பானேன்? என்னை நடக்க வைத்தவள் என் மதினி.

என் அண்ணன், 'பையனுக்கு வேலை கிடைத்தால் பழனிக்கு நடந்தே வருகிறேன்' என்று வேண்டிக்கொண்டிருந்தார். பையனுக்கு வேலை கிடைத்தது. அண்ணனுக்குத்தான் ஆயுசு கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒன்றரை வருஷம் மதினி வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. சமைப்பாள், துவைப்பாள், யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்காமலே, "அவுக நேந்துக்கிட்டதை நான் நடந்து முடிச்சிரலாம்னு இருக்கேன்" என்றாள்.

வீட்டில் ஒரே அமர்க்களம். "பஸ்ஸில் போனால் மூணு மணி நேரம், காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "தைப்பூசம் வரட்டும், ஊரே நடக்கும், கூட்டத்தோடு கூட்டமாகப் போங்கள்" என்றான் மதினியின் மகன். மதினி அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். "கூட்டத்துல என்னால அழ முடியாதுப்பா" என்றாள். அதற்கு மேல் யாருக்கும் பேச்சு எழும்பவில்லை. கடைசியில் அவன் கேட்டது ஒரே கேள்வி. "சரிம்மா, ராத்திரி எங்கே தங்குவீங்க?"

நியாயமான கேள்வி. தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் வழி நெடுகப் பந்தல் இருக்கும், சோறு இருக்கும், போலீஸ் இருக்கும், விடிய விடிய வெளிச்சம் இருக்கும். ஆவணி மாசத்தில் யார் இருக்கிறார்கள்?

சந்தியாகப்பர் வழி

இந்த இடத்தில் எங்களுக்குக் கை கொடுத்தவள் மதினியின் மகள். அவள் மேல்படிப்புக்காக ஸ்பெயின் தேசத்தில் இருக்கிறாள். சேதி கேட்டதும் போனில் கூப்பிட்டு அண்ணனிடம், "நான் இங்கே தனியாக நடந்தேனே, அப்போ நீ ஒன்றும் சொல்லவில்லையே?" என்று ஒரு போடு போட்டாள்!

அங்கே வடமேற்கு மூலையில் சந்தியாகு என்று ஒரு நகரம். ஏசுநாதரின் சீடர் ஒருவருடைய கல்லறை அங்கே இருப்பதாக ஐதீகம். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்களே, அவரேதான். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் அவருக்குப் பழைய கோவில் ஒன்று இருக்கிறது. ஸ்பெயினில் அவரைத் தேடி ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் நடந்து போகிறார்கள். இப்போது வருஷத்துக்கு நான்கு லட்சம் பேருக்கு மேல் நடக்கிறார்களாம். பெரும் கூட்டம் போவது பிரான்ஸ் எல்லையிலிருந்து வருகிற பாதையில். அது தவிர ஆளரவமற்ற பாதைகளும் உண்டு. தெற்கே செவில் நகரத்திலிருந்து வடக்கு நோக்கிப் போகும் 'வெள்ளிப் பாதை' அவற்றில் ஒன்று. நீளம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அதில் ஒரு பகுதியைத்தான் எங்கள் பெண் நடந்திருக்கிறாள். சில நாள் காலையிலிருந்து மாலை வரை இரண்டு மனிதர்களையும் இருநூறு ஆடுகளையும்தான் பார்த்தாளாம்.

"ராத்திரி எங்கேடி படுத்தே?" என்று மதினி கேட்டாள்.

அங்கே சின்னச் சின்ன ஊரிலும் யாத்திரைக்காரர்களுக்கென்று விடுதி இருக்கிறது. 'அல்பெர்கே' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு கட்டில், ஒரு குளியலறை, ஓர் அடுப்பு, அவ்வளவுதான். கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். தங்குகிற ஊரில் எல்லாம் அதில் முத்திரை வைத்துக்கொள்ள வேண்டும். சில இடத்தில் சொற்பக் கட்டணம்; சில இடத்தில் ஓர் உண்டியல் மட்டும், இஷ்டமானதைப் போடலாம். ஒரு ராத்திரிதான், விடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டும். ரொம்பச் சின்ன ஊரில் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆளே இருக்க மாட்டார். ஊர்க் காப்பிக் கடையில் சாவி இருக்கும். கேட்டு வாங்கித் திறந்துகொள்ளலாம்.

"காப்பிக் கடையிலயா சாவி?" என்று சிரித்தாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. "இங்கயும் அதே கதைதான்த்தா. நம்மூருல டீக்கடை." பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பழனிக்குப் பதினொரு முறை நடந்தவள். "நானும் வாரேன்" என்று அவள் சொன்னதும் விவகாரம் தீர்ந்துவிட்டது.

மூன்று பேர், மூன்று மூட்டை

ஆவணி மூலத்தன்று எங்கள் பேட்டையில் திருவிழா. மீனாட்சியம்மனும் சொக்கநாதரும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவார்கள். வந்திக் கிழவியின் கதை உங்களுக்குத் தெரியும். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். நாதியற்ற கிழவிக்கு ஆள் ஏது? கூலியாளாக வந்தவர் சாட்சாத் பரமசிவனே. கூலி, உதிர்ந்த புட்டு. எங்கள் ஊர் சாமியே ஒரு ஏழைக் கிழவி வீட்டில் சாப்பிட்டவர்தான். அந்தத் தைரியத்தோடு, திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலை மூன்று பேரும் கிளம்பினோம்.

ஆளுக்கு இரண்டு சேலை, ஒரு போர்வை, ஒரு டார்ச் விளக்கு, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் அவல். செருப்புப் போடக் கூடாது என்பது பெரியம்மாவின் கட்சி, மதினியும் போடவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் டாக்டர் சொன்னபடி போட்டுக்கொண்டேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பரவை, சமயநல்லூர் வழியாக முதல் நாள் வாடிப்பட்டி. நாற்கரச் சாலையில் லாரிகள் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போலப் பறக்கின்றன. ஊருக்குள் போகிற பழைய ரோட்டில் திரும்பினதும்தான் உயிர் வந்தது. இரு பக்கமும் வயல், தென்னை, வேலியோரத்தில் எருமை. வாடிப்பட்டியில் பெரியம்மா நேரே ஒரு டீக்கடைக்குப் போனாள். "மண்டபத்துச் சாவி இருக்கா தம்பி?" என்றாள். டீ ஆற்றிக்கொண்டே அவர் ஆணியில் தொங்கின சாவியைக் கண்ணால் காட்டினார். எனக்கு ஸ்பெயின் ஞாபகம் வந்துவிட்டது!

பெரிய மண்டபம், மூன்றே பேர். குழாயில் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. எல்லாம் சரி. ஆனால் கதவுக்கு உள்பக்கம் நாதாங்கி மட்டும் இருந்தது. மாட்டுவதற்குப் பூட்டு இல்லை. மதினி தன் பை வாரை அவிழ்த்து நாதாங்கியில் ஐந்தாறு முடிச்சுப் போட்டாள். காற்றடித்துக் கதவு அசையும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். பெரியம்மா மட்டும் குறட்டை விட்டாள்.

இரண்டாம் நாள் அம்மையநாயக்கனூர். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்குகிற கொடைரோடு ஸ்டேஷன் இங்கேதான். ஒரு சின்னக் கோவில் மண்டபத்தில் படுத்தோம். பூசாரியின் சம்சாரம் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, 'எந்த ஊர்?' என்பதல்ல. "கொல்லைப்பக்கம் போகணுமா? வாங்க, எங்க வீட்டுக்கு" என்றாள். இந்த ஒரு வார்த்தையின் மதிப்பு, வழிநடந்த பெண்களுக்குத்தான் தெரியும். ஆண்களுக்கு வேலியோரம் இருக்கிறது. நாங்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு நடக்கிறோம். வெயிலில் மயக்கம் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மல்லிகைப் பூ

மூன்றாம் நாள் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர். பக்கத்திலேதான் காந்திகிராமம், 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ராமச்சந்திரனும் ஆரம்பித்த நிறுவனம். சௌந்தரம் அம்மாள் சின்ன வயசிலேயே கணவனை இழந்தவர். பிறகு டாக்டருக்குப் படித்து, மறுமணமும் செய்துகொண்டு, கிராமத்துப் பெண்களுக்காகவே உழைத்தார். இதையெல்லாம் நான் மதினியிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வாய் சும்மா இருக்குமா? மதினி 'உம்' கொட்டினாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் நம்பிப் போன மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம்! ஆவணி முகூர்த்தத்தை மறந்து போனோம். வாசலில் வாழைமரம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், உள்ளே இருநூறு பேர். திரும்பலாம் என்று நின்றபோது, பெண்ணின் பாட்டி எங்களைப் பார்த்துவிட்டாள். "பழனிக்குப் போறவுகளா? முருகனே விருந்துக்கு ஆள் அனுப்பியிருக்கான். உள்ள வாங்கத்தா!"

பெரியம்மா வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் வெற்றிலை அடுக்கினேன். மதினி மட்டும் தூண் ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி நின்றாள். கல்யாண வீட்டில் தான் குறுக்கே வரக்கூடாதென்ற நினைப்பு. பாட்டி ஒரு கூடை மல்லிகையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"நான் தொடக் கூடாதும்மா" என்றாள் மதினி.

பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கும் அவரு போயி இருபது வருஷமாச்சு. பேத்திக்கு நான் தொடாம யாரு தொடுறது? நாரை எடு. நெருக்கமாக் கட்டணும், ஆமா."

மதினி உட்கார்ந்தாள். முதல் கண்ணியில் விரல் தடுமாறியது. அப்புறம் பழைய வேகம் வந்துவிட்டது. மதுரைக்காரி அல்லவா! பத்து முழத்துக்கு மேல் கட்டிப் போட்டாள். ராத்திரி பெண்வீட்டாரோடு ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்தோம். விளக்கு அணைந்த பிறகு அவள் அழுதது எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, இருநூறு பேர் நடுவில், கூட்டத்திலேதான் அழுதாள்.

ஒரு பூட்டின் கதை

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. மதினி ஒரு கடைக்குள் நுழைந்து, நாதாங்கியில் மாட்டுகிற மாதிரி ஒரு பூட்டு வாங்கினாள். "இனிமே முடிச்சுப் போட வேண்டாம்" என்றாள். வீட்டைவிட்டு வெளியே வந்து அவள் தனக்கென்று வாங்கின முதல் சாமான் அது.

திண்டுக்கல்லுக்கு அப்பால் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று ரோட்டோரம் கல் பதித்த நடைபாதை இருக்கிறது. கால் நன்றி சொல்லும். ஆனால் வழியில் ஓர் ஊரில், பெயர் வேண்டாம், எங்களுக்கு நல்ல பாடம் கிடைத்தது. இரவு எட்டு மணி, தூறல். காசு கொடுத்துத் தங்குகிற ஒரு விடுதியில் போய்க் கேட்டோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "ஆம்பளைத் துணை யாரும் இல்லையா?" என்றார். இல்லை என்றோம். "பொம்பளைங்க மட்டும்னா ரூம் கொடுக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு டெலிவிஷன் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆதார் அட்டையை நீட்டினேன், பார்க்கக்கூட இல்லை. மூன்று பேர் வயசையும் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு தாண்டும்!

எதிரே ஓர் இட்லிக் கடை. அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இங்க வாங்க" என்றாள். கடைக்குப் பின்னால் அவள் வீடு, ஒரே அறை. மூன்று பேருக்கும் பாய் விரித்துவிட்டு, தான் போய்க் கடை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். மீதி இருந்த இட்லிக்கும் காசு வாங்கவில்லை. பின்பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. காலையில் மதினி தன் திண்டுக்கல் பூட்டை எடுத்து அந்தக் கதவில் மாட்டி, சாவியை அவள் கையில் வைத்தாள். அந்த அம்மாள் மறுத்தாள். "இது உங்களுக்கு இல்ல, கதவுக்கு" என்றாள் மதினி. அதற்குப் பதில் சொல்ல முடியுமா?

பெண்கள் பெயரில் சத்திரங்கள்

அன்று நடக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. நம் நாட்டுச் சத்திரங்களில் எத்தனை, பெண்கள் பெயரில் இருக்கின்றன! மதுரை ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். 1689 முதல் பேரனுக்காக ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள், கணவனை இழந்தவள். சாலை போட்டாள், மரம் வைத்தாள், சத்திரம் கட்டினாள். இன்றைக்கும் தென்பாண்டி நாட்டில் 'மங்கம்மாள் சாலை' என்று சொல்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகிற பாதையில் மராட்டிய ராஜாக்கள் கட்டிய சத்திரங்களில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் என்று பெயர்கள். ராமேசுவரம் தீவில் அடுத்தடுத்த ஊர்கள் அக்காள்மடம், தங்கச்சிமடம். ஸ்பெயினிலும் சந்தியாகு போகிற வழியில் 'அரசியின் பாலம்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. யாத்திரைக்காரர்கள் ஆற்றைக் கடப்பதற்காக, 11-ஆம் நூற்றாண்டில் ஓர் அரசி கட்டுவித்த பாலம் என்று சொல்லுவார்கள்.

1801-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி பிரிட்டிஷ் ரெஸிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதம் உண்டு. சத்திரத்து மானியங்களில் கை வைக்க வேண்டாம் என்பதற்காக, அங்கே என்னென்ன நடக்கிறது என்று விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். வருகிறவர் எந்த ஜாதியானாலும் சாப்பாடு உண்டு. நடுராத்திரியில் மணி அடித்து, சாப்பிடாமல் தூங்கிப்போனவர்களையும் எழுப்பிப் போட வேண்டும். நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும் உண்டு. வழியில் பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்கு அங்கேயே பிரசவம் பார்த்து, மூன்று மாதம் வரை வைத்துக் காப்பாற்றினார்கள். தாய் தகப்பனை இழந்த குழந்தைக்குப் படிப்பு! இருநூறு வருஷத்துக்கு முன்னால், வழியில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன நேரும் என்பதை யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு ஓர் அறைச் சாவிக்கு ஆம்பளைத் துணை கேட்கிறார்கள்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட்டின் இரைச்சலில் ஓர் இரவு கழிந்தது. மறுநாள் விருப்பாட்சி பக்கம் வந்தபோது நான் சும்மா இருக்க முடியாமல் வேலுநாச்சியார் கதையை எடுத்தேன். 1772-ல் காளையார்கோவில் சண்டையில் கணவர் இறந்துபோனார். சிவகங்கைச் சீமை பறிபோனது. சின்னப் பெண் குழந்தையோடு ராணி வந்து அடைக்கலம் புகுந்தது இந்த விருப்பாட்சியில்தான். பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். ஏறத்தாழ எட்டு வருஷம் இந்தப் பக்கத்தில் இருந்து படை திரட்டி, 1780-ல் திரும்பிப் போய்ச் சீமையை மீட்டாள்.

மதினி வெகு நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, "எடம் குடுத்தவரு பேரு என்ன சொன்னே?" என்றாள். மறுபடியும் சொன்னேன். "ராணி பேரு எல்லாருக்கும் தெரியும். எடம் குடுத்தவுக பேரையும் சொல்லிக் குடுக்கணும்" என்றாள். முப்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

மலைமேல்

ஆறாவது இரவு சத்திரப்பட்டி. ஏழாம் நாள் ஆயக்குடியைத் தாண்டும்போதே மலை நன்றாகத் தெரிந்தது. பெரியம்மா ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டாள். பழனி மலைக்கு 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. 2004 முதல் ரோப் காரும் வந்துவிட்டது. எனக்கு ஆசைதான். ஆனால் மதினி படிக்கட்டு ஏற ஆரம்பித்துவிட்டாள். அறுநூற்றுச் சொச்சம் படியையும் நின்று நின்று ஏறினோம். சந்நிதியில் அவள் அழவில்லை. "வந்துட்டேன்னு அவுககிட்டச் சொல்லிரு" என்று முருகனிடம் உரக்கச் சொன்னாள். அர்ச்சகர் சிரித்துக்கொண்டே விபூதி கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்தான். ஆறு இரவு நடந்த தூரம் மூன்று மணி நேரத்தில் ஜன்னல் வழியாக ஓடிப் போயிற்று.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் மதினி கொத்தனாரைக் கூப்பிட்டாள். வாசல் பக்கத்தில் அண்ணன் சைக்கிள் நிறுத்துகிற ஓர் அறை உண்டு. அதை ஒழித்து, பக்கத்தில் ஒரு குளியலறை கட்டினாள். "எதுக்கும்மா?" என்று மகன் கேட்டான். "தைப்பூசத்துக்குத் தெக்கத்திச் சனமெல்லாம் மதுரை வழியாத்தானே நடக்குது? அதுல பொம்பளைங்களும் வருவாங்க" என்றாள். மகன் அப்புறம் வாய் திறக்கவில்லை. அவனே போய் விளக்கு வாங்கிவந்து மாட்டினான். சென்ற தை மாதம் ஒன்பது இரவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த அறையில் படுத்து எழுந்து போனார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவள், ஒன்றரை வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்த என் மதினிதான்.

சகோதரிகளே, சத்திரம் கட்ட நம்மால் முடியாது. அதற்கு ராணிகள் வேண்டும். ஆனால் பழனிக்கோ, சமயபுரத்துக்கோ, வேளாங்கண்ணிக்கோ ஜனங்கள் நடந்து போகிற பாதையில் உங்கள் வீடு இருக்கலாம். இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். குளியலறையைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். வாசல் விளக்கை விடிய விடிய எரிய விடுங்கள். படுக்க ஓர் அறை கொடுக்க முடிந்தால், கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாக ஒன்று போட்டுவையுங்கள். அன்னதானம் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பயமில்லாத ஒரு ராத்திரியைத் தானம் செய்ய நம்மைப் போன்றவர்கள்தான் முன்வர வேண்டும்.

மதினி எங்கள் அறைக் கதவுக்குத் திண்டுக்கல்லிலிருந்தே ஆள் விட்டுத் தாழ்ப்பாள் வரவழைத்திருக்கிறாள். நல்ல கனம், தள்ளினால் 'டணக்' என்று விழுகிறது. அந்தச் சத்தம் கேட்டால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்கிறாள்.